ஃபிஷர்: முள்ளம்பன்றியை வெல்லும் காட்டுப் பிராணியும் அதன் தோல் வேட்டையும் – முழுமையான வழிகாட்டி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக் காடுகளில் குளிர்காலத்தில் நடப்பவர்களுக்கு ஒரு தடம் அடிக்கடி கண்ணில் படும். பனியில் இரண்டிரண்டாக, ஒன்று சற்று முன்னால், ஒன்று சற்றுப் பின்னால் பதிந்த பாதங்கள். மரத்தடிக்குப் போகும், விழுந்து கிடக்கும் கட்டைமேல் ஏறும், திடீரென்று ஒரு மரத்தோடு நின்றுவிடும். மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். அதுதான் ஃபிஷர்.

இந்தப் பிராணியை முதலில் எனக்குச் சரியாகக் காட்டிக்கொடுத்தவர் அதைப் பிடித்து விற்ற ஒருவர். நாற்பது வருடம் பொறி வைத்த பெரியவர். அவரோடு ஒரு டிசம்பர் முழுக்க நடந்ததில் ஒன்று புரிந்தது: ஃபிஷரின் வாழ்க்கையையும் அதன் தோல் வியாபாரத்தையும் தனித்தனியாகப் படித்தால் இரண்டுமே அரைகுறையாகத்தான் புரியும். எந்த மாதத்தில் அது என்ன செய்கிறது என்று தெரிந்தால் மட்டுமே, எந்த மாதத்தில் பிடிக்கிறார்கள், ஏன் ஒரு காலத்தில் காடுகள் காலியாயின, ஏன் மறுபடி நிறைந்தன என்பதெல்லாம் விளங்கும். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: பெயரைச் சரிசெய்துகொள்ளுங்கள்

ஃபிஷர் என்றால் ஆங்கிலத்தில் மீன் பிடிப்பவன். ஆனால் இது மீன் பிடித்துத் தின்னும் பிராணி அல்ல. ஐரோப்பாவில் போல்கேட் என்று ஒரு சிறிய பிராணி உண்டு. அதன் தோலுக்கு வழங்கிய ஃபிச், ஃபிஷே போன்ற பெயர்களைத்தான் குடியேறிகள் இதற்கும் வைத்தார்கள், அது திரிந்து ஃபிஷர் ஆனது என்பதே பரவலான விளக்கம். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் 'ஃபிஷர் கேட்' என்பார்கள். பூனையும் இல்லை. பழைய தோல் வியாபாரிகள் சொன்ன 'பெக்கான்' என்ற பெயர்தான் இன்று அதன் அறிவியல் பெயரில் இருக்கிறது: பெக்கானியா பென்னான்ட்டி.

குடும்பம் என்று பார்த்தால் வீசல், மார்ட்டன், வுல்வரின், நீர்நாய் எல்லாம் இதன் சொந்தம்தான். காவிரியில் நீந்தும் நம்முடைய நீர்நாயும் அதே குடும்பம். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளில் மஞ்சள் தொண்டையோடு திரியும் நீலகிரி மார்ட்டன் இன்னும் கொஞ்சம் நெருங்கிய உறவு. ஃபிஷர் வட அமெரிக்காவில் மட்டுமே உண்டு. ஆண் பொதுவாக 3.5 முதல் 6 கிலோ வரை இருக்கும். பெண் 2 முதல் 2.5 கிலோதான், ஒரு வீட்டுப் பூனையைவிடக் குறைவு. இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், பின்னால் பணக்கணக்கு வரும்போது தேவைப்படும்.

ஒஜிப்வே மக்களின் மொழியில் இதன் பெயர் ஓஜீக். குளிர்காலத்தில் மட்டும் சொல்லும் கதைகளில் ஒன்று இதைப் பற்றியது. பூமியில் எப்போதும் குளிராகவே இருந்ததாம். ஓஜீக் வானத்தில் ஏறி ஓட்டை போட்டு, அந்தப் பக்கம் இருந்த கோடையைக் கீழே இறக்கிவிட்டது. வானத்துக்காரர்கள் துரத்தி அம்பு விட்டார்கள். அதன் உடம்பில் உயிர்நிலை இருந்தது வால் நுனியில் மட்டும். அங்கேயே அம்பு பட்டது. அப்படியே வானத்தில் தங்கிவிட்டது. நாம் சப்தரிஷி மண்டலம் என்று சொல்லும் அதே ஏழு நட்சத்திரங்கள்தான் அவர்களுக்கு ஓஜீக். நம் கல்யாணத்தில் அருந்ததி பார்க்கச் சொல்லிக் கை காட்டுகிறோமே, அந்த இடம் ஓஜீக்கின் வால். இதை முதன்முதலாகக் கேட்ட இரவு வெளியே போய் வெகுநேரம் வடக்குத் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

படி 2: அதன் வருடத்தைக் கணக்குப் போடுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் முதுகெலும்பு. அவசரப்படாமல் படியுங்கள்.

பெண் ஃபிஷர் மார்ச், ஏப்ரல் வாக்கில் குட்டி போடும். பெரிய மரத்தின் பொந்துக்குள், பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று குட்டிகள், கண் திறக்காதவை. குட்டி போட்ட சில நாட்களிலேயே தாய் மறுபடி ஆணோடு சேர்ந்துவிடும். ஆனால் கரு வளராது. ஒரு சின்ன உருண்டையாகக் கருப்பைக்குள் மிதந்தபடி பத்து மாதத்துக்கும் மேல் காத்திருக்கும். அடுத்த குளிர்காலத்தின் கடைசியில்தான் கருப்பையில் ஒட்டி வளரத் தொடங்கும். அதன்பிறகு ஒரு மாதத்துக்குச் சற்று மேலே, அவ்வளவுதான், குட்டிகள் வந்துவிடும்.

அப்படியென்றால் வளர்ந்த ஒரு பெண் ஃபிஷர் ஏறக்குறைய வருடம் முழுவதும் சூல் கொண்டுதான் இருக்கிறது. டிசம்பரில் பொறியில் ஒரு தாய் சிக்கினால் போவது ஓர் உயிர் மட்டும் அல்ல, அடுத்த வசந்தத்தின் குட்டிகளும்தான். குட்டியாகப் பிறந்த பெண் ஒரு வயதில்தான் முதன்முதலாக ஆணோடு சேரும், முதல் குட்டி போடும்போது அதற்கு இரண்டு வயது. எலி, முயல் மாதிரி இழந்ததை மளமளவென்று ஈடுசெய்யும் பிராணி அல்ல இது.

குட்டிகளுக்குக் கண் திறக்கவே சுமார் ஏழு வாரம் ஆகும். ஐந்து மாதத்தில் தாமாக இரை பிடிக்கப் பழகி, இலையுதிர் காலத்தில் தாயின் எல்லையை விட்டுப் போகத் தொடங்கும். அனுபவமில்லாத, எல்லையில்லாத இந்த இளசுகள்தான் பருவத் தொடக்கத்தில் பொறிகளில் அதிகம் விழுபவை. வளர்ப்பு வேலையில் ஆணுக்குப் பங்கே இல்லை. பொந்தின் வாய் தாய் நுழையும் அளவுக்கே இருக்கும். ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு பெரிய ஆண்கள் உள்ளே வர முடியாது.

இந்தப் பொந்துகள் கிடைப்பதுதான் கஷ்டம். உள்ளே ஒரு குடும்பம் இருக்குமளவுக்கு ஒரு மரம் பருத்து, நடுப்பகுதி உளுத்து, வெளியே உயிரோடும் நிற்க எத்தனையோ பத்தாண்டுகள் ஆகும். மர வியாபாரியின் கணக்கில் அது உதவாத மரம். முதலில் வெட்டித் தள்ளுவதும் அதைத்தான். என்னைக் கேட்டால் ஃபிஷருக்குப் பொறியைவிடப் பெரிய ஆபத்து இதுதான். பொறியைப் பருவம் முடிந்ததும் எடுத்துவிடலாம், பொந்து மரத்தை நட்டு வளர்த்துக் கொடுக்க முடியாது.

படி 3: பனியில் தடம் படியுங்கள்

பாதத்தில் ஐந்து விரல். நாய், நரி, பூனை எல்லாவற்றுக்கும் தடத்தில் நான்கு விரல்தான் விழும். எனவே முதலில் விரலை எண்ணுங்கள். அப்புறம் அகலம்: பெண்ணுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர், பெரிய ஆணுக்கு 7 வரைகூடப் போகும். இதே காட்டில் மார்ட்டனும் உண்டு. அதுவும் இரண்டிரண்டாகத்தான் தாவும். ஆனால் குளிர்காலத்தில் மார்ட்டனின் உள்ளங்கால் முழுக்க மயிர் மூடியிருப்பதால் தடம் பஞ்சு ஒற்றியது போல மங்கலாக இருக்கும். ஃபிஷரின் தடத்தில் விரல் மெத்தைகள் ஓரளவு தெளிவாக விழும்.

என் முதல் குளிர்காலம் முழுக்க நான் ஃபிஷர் என்று குறித்து வைத்ததில் பாதி மார்ட்டனாக இருந்திருக்கலாம். அளவுகோல் வைக்காமல் படம் எடுத்ததுதான் தப்பு. பெரிய ஆண் மார்ட்டனா, சின்ன பெண் ஃபிஷரா என்று வெறும் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

பனியின் தன்மையும் துப்புக் கொடுக்கும். ஃபிஷர் தன் எடைக்குப் பனியில் அமிழ்ந்துபோகும். ஆழமான பொடிப் பனியில் வயிறு உரசி ஒரு வாய்க்கால் போல இழுத்திருக்கும். அதனால்தான் மிக அதிகமாகப் பனி கொட்டும் இடங்களில் மார்ட்டன் மிகுந்தும் ஃபிஷர் குறைந்தும் இருக்கும். அடர்ந்த ஊசியிலை மரங்களுக்குக் கீழே பனி குறைவாக விழும், அங்கே தேடுங்கள். வெட்டவெளியை அது கூடியவரை தவிர்க்கும்.

ஒரே தடத்தைத் தொடர்ந்து போய் விலங்கைப் பார்த்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஓர் ஆணின் எல்லை சராசரியாக 38 சதுர கிலோமீட்டர், பெண்ணுக்கு 15.

படி 4: முள்ளம்பன்றியை எப்படிக் கொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அன்றாட இரை முயலும் அணிலும் எலியும்தான். செத்துக் கிடக்கும் மானையும் தின்னும், காட்டுப் பழங்களையும் விடாது. ஆனாலும் ஃபிஷருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது முள்ளம்பன்றி.

வட அமெரிக்க முள்ளம்பன்றி மரம் ஏறும். ஆபத்து வந்தால் முகத்தை மரத்தடியில் பதித்துக்கொண்டு, முள் நிறைந்த முதுகையும் வாலையும் எதிரிக்குக் காட்டி நிற்கும். ஓநாய்க்கும் நரிக்கும் அதோடு கதை முடிந்தது. ஃபிஷரின் உயரமோ குட்டை. அதன் வாய் முள்ளம்பன்றியின் முகத்துக்கு நேராக வரும். முகத்தில் முள் கிடையாது. சுற்றிச் சுற்றி வந்து, வால் வீச்சுக்குத் தப்பி, முகத்தில் கடித்துவிட்டுப் பின்வாங்கும். மறுபடி கடிக்கும். இது அரை மணி நேரத்துக்கும் மேல் நீளலாம். முகத்தை மரத்தில் பதித்துக்கொண்ட முள்ளம்பன்றியை என்ன செய்வது? ஃபிஷர் அதே மரத்தில் ஏறி, தலைகீழாக இறங்கி வந்து, மேலிருந்து முகத்தைத் தாக்கிக் கீழே தள்ளும். அதன் பின்னங்கால் மூட்டு ஏறக்குறைய முழுவதும் பின்பக்கமாகத் திரும்பக்கூடியது. அதனால்தான் அணிலைப் போலத் தலை கீழாக இறங்க முடிகிறது.

பன்றி சோர்ந்து விழுந்ததும் மல்லாத்திப் போட்டு, முள் இல்லாத வயிற்றுப் பக்கத்திலிருந்து தின்னத் தொடங்கும். கடைசியில் மிஞ்சுவது முள்ளோடு கூடிய தோல் மட்டும். அப்படி ஒரு தோலைப் பனியில் பார்த்தேன். சட்டையைக் கழற்றி உள்பக்கம் வெளியே தெரிய விரித்துப் போட்ட மாதிரி இருந்தது. எலும்புகூட அதிகம் மிஞ்சவில்லை. சுற்றிலும் பனி வட்டமாக மிதிபட்டுக் கிடந்தது, அந்த வட்டத்தின் விளிம்பில் உடைந்த முட்கள்.

இந்த வேட்டைத் திறன்தான் பின்னால் அதன் இனத்தைக் காப்பாற்றியது. அதற்கு வருகிறேன்.

படி 5: பொறி எப்படி வேலை செய்கிறது

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே சொல்வது கனடாவில் உரிமத்தோடு நடக்கும் தொழில். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்குக்குப் பொறி வைப்பது குற்றம்.

ஒன்டாரியோவில் பொறிக்காரர் ஆக ஆசைப்பட்டால் மட்டும் போதாது. அரசு ஏற்ற பயிற்சி வகுப்பில் தேற வேண்டும், உரிமம் வாங்க வேண்டும். அரசு நிலக் காட்டில் பதிவு செய்யப்பட்ட ஒரு பொறித்தடம், அதாவது பொறி வைக்க ஒருவருக்கென்று ஒதுக்கிய காட்டுப் பரப்பு, கைக்கு வர வேண்டும். அந்தப் பரப்பில் வேறு யாரும் பொறி வைக்க முடியாது. இந்த முறையைப் பிரிட்டிஷ் கொலம்பியா 1926-இலேயே கொண்டுவந்துவிட்டது. எல்லோருக்கும் பொதுவான காட்டில் 'நான் விட்டால் அடுத்தவன் பிடிப்பான்' என்று கடைசி விலங்கு வரை பிடித்தார்கள். தடம் ஒருவருக்கு என்று ஆனதும், அடுத்த வருடத்துக்கு மிச்சம் வைக்கும் யோசனை தானாக வந்தது. நான் கூடப்போன பெரியவர் தன் தடத்தில் ஒரு ஓடைக்கரையை மட்டும் பல வருடமாகத் தொடுவதே இல்லை. "அங்கேதான் தாய்கள் இருக்கின்றன" என்பார்.

பொறியின் வரலாறு மூன்று கட்டம். பழங்குடிகள் வைத்தது கட்டை விழும் பொறி: இரையை இழுத்தால் மேலே நிறுத்திய கனமான மரக்கட்டை விழுந்து நசுக்கும். பிறகு 1820-களில் நியூயார்க்கின் ஒனைடா பகுதியில் ஸ்யூவெல் நியூஹவுஸ் செய்யத் தொடங்கிய இரும்புப் பொறி வந்தது. அது காலைக் கவ்விக்கொள்ளும், கொல்லாது. ஆள் வந்து பார்க்கும்வரை விலங்கு பனியில் கிடந்து துடிக்கும். அந்தக் கொடுமையைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல் மாற்று தேடியவரும் ஒரு பொறிக்காரர்தான். ஃபிராங்க் கானிபேர் என்ற கனடாக்காரர். இரண்டு இரும்புச் சட்டங்கள் கழுத்தையும் மார்பையும் ஒரே அடியில் நெரிக்கும் பொறி அவருடையது. 1950-களின் கடைசியில் கடைகளுக்கு வந்தது. இன்று ஃபிஷருக்கு வைப்பது அந்த வகைதான்.

வைக்கும் விதம் இப்படி: ஒரு கழியை மரத்தில் சாய்த்துக் கட்டுவார்கள். கழியின் மேல்முனையில் மரப்பெட்டி. பெட்டியின் உள்ளே பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் இறைச்சி, வாயில் பொறி. கொஞ்சம் தள்ளி, நாற்றம் பீய்ச்சும் ஸ்கங்க் என்ற பிராணியின் வாசனை கலந்த களிம்பு ஒரு துளி, தூரத்திலிருந்து அழைக்க. தரையில் வைக்காமல் உயரத்தில் வைப்பதற்குக் காரணம் மூன்று. பனி மூடாது. நாய் மாட்டாது. எலி கடித்துத் தோல் கெடுவதும் குறையும்.

வேதனை இல்லாத சாவு என்று நான் சொல்ல மாட்டேன். கனடா, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம் மூன்றும் 1997-இல் உருவாக்கிய உடன்பாட்டில் ஃபிஷரும் இருக்கிறது. அதன்படி சோதனையில் குறைந்தது 80 சதவீத விலங்குகள் 300 விநாடிக்குள் நினைவிழக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பொறிக்குச் சான்று கிடையாது. 300 விநாடி என்றால் ஐந்து நிமிடம். நல்ல பொறிகள் அதைவிட மிக வேகமானவை. ஆனால் விதி அனுமதிக்கும் எல்லை அதுதான் என்பதைத் தெரிந்தே இதைப் பேச வேண்டும்.

படி 6: தோலைப் படியுங்கள்

பெரியவர் கொட்டகையில் என் கையில் ஒரு தோலைக் கொடுத்து, "முடியைப் பார்க்காதே, திருப்பிப் பார்" என்றார். உள்பக்கம் வெண்ணெய் நிறத்தில் இருந்தது. இன்னொன்றைக் கொடுத்தார். அது அக்டோபரில் சாலையில் அடிபட்டுச் செத்தது. உள்பக்கம் கருநீலமாக இருந்தது. முடி வளரும்போது அதற்கான நிறச்சாயம் தோலில் இருக்கும். முடி வளர்ந்து முடிந்ததும் சாயம் எல்லாம் முடிக்கு ஏறித் தோல் வெளுத்துவிடும். வெளுத்த தோலே முற்றிய தோல். அந்த நிலை நவம்பர் கடைசி, டிசம்பரில் வரும். பிப்ரவரி தாண்டினால் முடி உரசித் தேயும், நுனி சுருளும், விலை இறங்கும்.

இப்போது படி 2-ஐத் திரும்பிப் பாருங்கள். குட்டிகள் தனியே போய்விட்டன, தாயின் வயிற்றில் கரு இன்னும் ஒட்டவில்லை, தோல் முற்றிவிட்டது. மூன்றும் ஒத்துவருவது குளிர்காலத்தின் முதல் பாதியில்தான். அதற்குப் பிறகும் பருவத்தை நீட்டினால், பிரசவத்தை நெருங்கும் தாய்களும், துணை தேடி வெகுதூரம் அலையும் ஆண்களும் மாட்டும்.

உரிப்பது பின்னங்கால்களுக்கு இடையில் கீறி, காலுறையைக் கழற்றுவது போல முழுதாக உருவி எடுப்பது. கொழுப்பைச் சுரண்டி, குறுகலான பலகையில் முதலில் முடி உள்ளே இருக்குமாறு மாட்டி, பாதி காய்ந்ததும் திருப்பி முடி வெளியே வருமாறு காயவிடுவார்கள். சீக்கிரம் திருப்பினால் அழுகும், தாமதித்தால் திருப்பவே வராது, கிழியும்.

ஆணின் தோல் பெரிது. ஆனால் முடி முரடு, தலையும் தோளும் நரைத்த பொன்னிறம். பெண்ணின் தோல் சின்னது, பட்டு மாதிரி, ஒரே சீரான கருஞ்சாக்லேட் நிறம். விலை கூடியது பெண் தோலுக்கு. 1979-இல் கனடாவின் பழைய தோல் வணிக நிறுவனமான ஹட்சன்ஸ் பே கம்பெனி ஒரே ஒரு பெண் தோலுக்கு 410 டாலர் கொடுத்தது. எந்த உயிரைக் காட்டில் விட்டுவைக்க வேண்டுமோ, அதன் தலைக்கே சந்தை அதிக விலை வைத்தது.

படி 7: சரிவையும் மீட்சியையும் வரிசைப்படுத்துங்கள்

1920-களில் ஒரு ஃபிஷர் தோல் சராசரியாக 100 டாலர் வரை போனது. கூலி வேலை செய்பவருக்கு அது பல வார வருமானம். காட்டைத் திருத்தி விவசாயம் செய்த காலமும் அதுதான், ஓநாய்க்கு வைத்த விஷ இறைச்சியைத் தின்றும் செத்தன. 1930-களுக்குள் நியூ இங்கிலாந்திலும் மத்திய மேற்கு மாநிலங்களிலும் பெரும்பாலான காடுகளில் ஃபிஷர் இல்லாமல் போய்விட்டது. பல மாநிலங்கள் வேட்டையை நிறுத்தின.

ஃபிஷர் போனதும் முள்ளம்பன்றி பெருகியது. முள்ளம்பன்றி மரப்பட்டையைத் தின்பது. இளமரங்களின் பட்டையைச் சுற்றிலும் உரித்துத் தின்றால் மரம் பட்டுப்போகும். மர நிறுவனங்கள் அப்போதுதான் விழித்துக்கொண்டன. ஃபிஷரைத் திரும்பக் கொண்டுவரக் காசு கொடுத்ததில் அவற்றுக்கும் பங்கு உண்டு. வெர்மான்ட் மாநிலம் 1959-இலிருந்து 1967 வரை மெய்ன் மாநிலத்திலிருந்து 124 ஃபிஷர்களைக் கொண்டுவந்து விட்டது. கைவிட்ட வயல்களும் இதற்குள் காடாகத் திரும்பியிருந்தன. இன்று புறநகர் வீடுகளின் பின்னால்கூட ஃபிஷர் தென்படுகிறது. நள்ளிரவில் கேட்கும் அலறலையெல்லாம் அதன் தலையில் கட்டுகிறார்கள். பெரும்பாலும் அது செந்நரியின் குரல்.

மேற்கே கதை இவ்வளவு நல்லபடியாக இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில் அடியோடு மறைந்துபோனதால், 2008-இலிருந்து 2010 வரை பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 90 ஃபிஷர்களைக் கொண்டுவந்து ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் விட்டார்கள். கலிபோர்னியாவில் செத்துக் கிடந்த 58 ஃபிஷர்களைச் சோதித்ததில் 46-இன் உடம்பில் எலி மருந்து இருந்தது. காட்டுக்குள் திருட்டுத்தனமாகக் கஞ்சா பயிரிடுபவர்கள் கொட்டும் மருந்துதான் முக்கியமான சந்தேகம். தெற்கு சியரா நெவாடாவில் வாழும் கூட்டத்தை 2020-இல் அழியும் நிலையில் உள்ளதாக அறிவித்தார்கள். அங்கே பொறி தடை செய்யப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

தோல் விலையோ 1999-இல் கனடாவில் சராசரி 27 டாலருக்கு வந்துவிட்டது. பெரியவரின் தடத்துக்கு ஆகும் பெட்ரோல் செலவுக்கே அது காணாது.

படி 8: நீங்களே போய்ப் பார்க்க

பனி பெய்து நின்ற மறுநாள் போகாதீர்கள், அதற்கும் அடுத்த நாள் காலை போங்கள். ஒரு இரவு கூடுதலாக விட்டால்தான் தடங்கள் சேரும். பனிக்காலணி, சின்ன அளவுகோல், கைபேசி, பென்சில், தாள் போதும். குளிரில் பேனா எழுதாது. வேட்டைப் பருவமாக இருந்தால் ஆரஞ்சு நிற மேலாடை கட்டாயம். நாயைக் கூட்டிப்போனால் கயிற்றை அவிழ்க்காதீர்கள். சாய்ந்த கழியும் அதன்மேல் பெட்டியும் கண்ணில் பட்டால் தொடாமல் விலகிப் போங்கள், அது இன்னொருவரின் உரிமத்துக்கு உட்பட்டது.

தடம் கிடைத்தால் பக்கத்தில் அளவுகோலை வைத்து நேர் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். அப்புறம் அது வந்த திசையில் பின்னோக்கி நடங்கள். போன திசையில் துரத்தினால் விலங்கை விரட்டத்தான் செய்வீர்கள். வந்த வழியில் போனால் எங்கே படுத்தது, எதைத் தின்றது, எந்த மரத்தில் ஏறியது எல்லாம் கிடைக்கும். மார்ச் பிறந்துவிட்டால், தடங்கள் திரும்பத் திரும்ப ஒரே பெரிய மரத்துக்கு வந்து போவதைக் கண்டால், அங்கேயே நின்றுவிடுங்கள். பொந்தைப் படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள். பயந்த தாய் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு அந்தக் குளிரில் வேறு மரம் தேடிப் போகும்.